அதே சைக்கிள்தானா?



ஒருவன் பழைய சைக்கிளைப் பிரித்துப் போட்டு, துருப்பிடித்துக் கெட்டதை ஒதுக்கி, வேறு வண்டிகளிலிருந்து கழற்றிய உதிரிப் பாகங்களைப் பூட்டி, அதைத் திரும்பவும் ஓடவைக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். "தம்பி, இது அந்தப் பழைய வண்டிதானா, அல்லது வேறு வண்டியா?" என்று அவனைக் கேட்டால் சிரிப்பான். "ஓடுகிறதா இல்லையா, அதைப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டு ஸ்பானரைக் கையில் எடுத்துக்கொள்வான். வேலையற்றவன் கேட்கும் விளையாட்டுக் கேள்வி போலத்தான் இது தோன்றும். ஆனால் அதே வண்டியைக் காட்டி இரண்டு பேர் "என்னுடையது" என்று சொல்லத் தொடங்குகிற நாளில், அந்தக் கேள்வி விளையாட்டாய் இராது. கூடப் பிறந்தவர்கள் பேச்சற்றுப் போவதற்குப் பெரிய ஆஸ்தி வேண்டியதில்லை. பழைய சைக்கிள் ஒன்றே போதும்.

ஆகையால் இந்த விஷயத்தைச் சற்று நிதானமாக ஆராய்வோம். உதாரணத்துக்கு மலைச் சைக்கிளை எடுத்துக்கொள்வோம். கரடுமுரடான பாதையில் ஓட்டுவதற்கென்று தடித்த டயரும், பல கியர்களும், பலமான பிரேக்கும் வைத்துச் செய்த வண்டிக்கு அப்படிப் பெயர். அதை எடுத்துக்கொள்வதற்குக் காரணமும் உண்டு: அந்த வகை வண்டி உலகத்தில் பிறந்ததே பழைய உதிரிப் பாகங்களிலிருந்துதான்.

பழைய இரும்பில் பிறந்த வண்டி

அமெரிக்காவில், கலிபோர்னியா மாகாணத்தில், சான் பிரான்சிஸ்கோ நகரத்தை விட்டுக் கோல்டன் கேட் பாலத்தைக் கடந்து வடக்கே போனால் மாரின் என்கிற மாவட்டம். அங்கே டமால்பயஸ் என்ற மலையும், அதைச் சுற்றிலும் குன்றுகளும், காட்டுத்தீயை அணைக்கப் போவதற்காக வெட்டிய மண்பாதைகளும் உண்டு. 1970-ம் ஆண்டுகளில் அவ்விடத்து வாலிபர் சிலருக்கு அந்த மண்பாதைகளில் சைக்கிளில் இறங்கவேண்டும் என்று ஆசை பிறந்தது. அவர்களில் சிலர் நல்ல பந்தயக்காரர்கள். ஆனால் பந்தயச் சைக்கிளின் மெல்லிய சக்கரம் கல்லையும் பள்ளத்தையும் தாங்காது. ஆகவே அவர்கள் பழைய சாமான் கடைகளில் புகுந்து, 1930, 1940-ம் ஆண்டுகளில் செய்த கனத்த இரும்பு வண்டிகளைச் சொற்ப டாலர்களுக்கு வாங்கினார்கள்.

அந்தப் பழைய வண்டிகளில் ஒரு விசேஷம் இருந்தது. சிக்காகோ நகரத்து ஷ்வின் கம்பெனி 1933-ல் 'பலூன் டயர்' என்னும் தடித்த டயரைச் சைக்கிளில் கொண்டுவந்திருந்தது. 26 அங்குலச் சக்கரம். இரண்டு அங்குலத்துக்குச் சற்று அதிகமான அகலம். வீடு வீடாகப் பத்திரிகை போடும் பையன்கள் அப்படிப்பட்ட வண்டிகளை ஓட்டினார்கள். அவர்கள் வளர்ந்து, தகப்பன்மாராகி, அந்த வண்டிகளையும் மறந்து முப்பது வருஷம் சென்றபின், மாரின் வாலிபர்கள் அவற்றைத் தேடிப் பிடித்தார்கள். ஷ்வின் கம்பெனியின் 'எக்ஸெல்ஸியர்' என்ற மாதிரியின் பிரேமுக்கு அவர்களிடையே தனி மதிப்பு உண்டு.

பிரேம் கிடைத்தால் போதாதே. பழைய வண்டியின் பின் பிரேக் பெடலைப் பின்னுக்கு மிதித்துப் பிடிப்பது. பேர்பாக்ஸ் என்ற ஊருக்கு மேற்கே ஒரு மலைப்பாதை இருக்கிறது. ஏறத்தாழ இரண்டு மைல் தூரத்துக்குள் 1,300 அடி இறங்கிவிடும் செங்குத்துப் பாதை. அதில் ஒரு தடவை இறங்குவதற்குள் அந்தப் பிரேக் கொதித்து, ஹப்பினுள் இருந்த கிரீஸ் புகையாய்ப் போய்விடும். அடுத்த தடவை இறங்குமுன் ஹப்பைப் பிரித்துக் கிரீஸை மறுபடி நிரப்பவேண்டும். மறுபடி நிரப்புதலை ஆங்கிலத்தில் 'ரீபேக்' என்பார்கள். அதுவே அந்தப் பாதைக்கும் பெயராகி நிலைத்துவிட்டது. 1976-ம் ஆண்டு அக்டோபர் 21-ல் அங்கே முதல் பந்தயம் நடந்தது. சார்லி கெல்லி என்பவர் அதை ஏற்பாடு செய்தார்.

பிரேக் தாங்காததைக் கண்டவர்கள் வேறு பிரேக் தேடினார்கள். இரண்டு பேர் ஓட்டும் டாண்டம் சைக்கிளிலிருந்து டிரம் பிரேக் வந்தது. மோட்டார் சைக்கிளிலிருந்து பிரேக் கைப்பிடி வந்தது. இறங்கினவர்கள் ஏறவும் வேண்டுமல்லவா? சாலைப் பந்தயச் சைக்கிளிலிருந்து கியர் வந்தது. குப்பர்டினோ என்ற ஊர்க்காரர் சிலர் இப்படிக் கியர் பூட்டிய பழைய வண்டிகளோடு 1974 டிசம்பரில் மாரினுக்குப் பந்தயத்துக்கு வந்திருந்ததும் அங்கத்தவர்கள் கண்ணில் பட்டிருந்தது. மாரின்காரரான காரி பிஷர் தம் எக்ஸெல்ஸியரில் கியரையும் டிரம் பிரேக்கையும் சேர்த்துப் பூட்டினார். இப்படி ஒவ்வொரு வண்டியிலும் நாலைந்து வண்டிகளின் அங்கங்கள் சேர்ந்துவிட்டன.

கடைசியில் ஒரு சங்கடம் வந்தது. பத்திரிகைப் பையனுக்காகச் செய்த பிரேம் மலையின் அடியைத் தாங்கமாட்டாமல் வளைந்தது, ஒடிந்தது. அப்பொழுது ஜோ பிரீஸ் என்னும் வாலிபர், 1977-ல், குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகுக் குழாய்களைக் கொண்டு அந்த வேலைக்கென்றே புது பிரேம் ஒன்றைச் செய்தார். அதற்குப் 'பிரீஸர்' என்று பெயர். 1979-ல் காரி பிஷரும் சார்லி கெல்லியும், டாம் ரிட்சி செய்துகொடுத்த பிரேம்களை வைத்து இவ்வகை வண்டிகளை விற்கத் தொடங்கினார்கள். 1981-ல் 'ஸ்டம்ப்ஜம்பர்' என்ற வண்டி தொழிற்சாலையில் ஏராளமாகச் செய்யப்பட்டு வெளிவந்தது. 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக் விளையாட்டுகளில் மலைச் சைக்கிள் பந்தயத்துக்கும் இடம் கிடைத்தது.

இந்த வரலாற்றில் ஒன்றைக் கவனியுங்கள். சக்கரம் மாறியது, பிரேக் மாறியது, கியர் வந்தது. அப்பொழுதெல்லாம் எக்ஸெல்ஸியர் பிரேமில் கட்டிய வண்டிக்கு அந்தப் பெயரே நின்றது. பிரேம் மாறியபோது வேறு பெயர் வைத்தார்கள். தத்துவ சாஸ்திரம் படிக்காமலே அவர்கள் ஒரு தத்துவத்தைக் கைக்கொண்டிருந்தார்கள். அது சரிதானா என்று பார்ப்போம்.

கப்பலும் நெருப்பும்

இந்தக் கேள்வி சைக்கிளுக்கு மிகவும் முந்தியது. கிரேக்கரான புளுத்தார்க்கு எழுதிவைத்திருக்கிறார்: தேசேயுஸ் என்ற வீரன் ஏறிவந்த முப்பது துடுப்புக் கப்பலை ஏதென்ஸ் நகரத்தார் வெகுகாலம் பாதுகாத்தார்கள். ஒரு பலகை உளுத்துப்போனால் அதை எடுத்துவிட்டுப் புதுப் பலகை வைப்பார்கள். காலம் செல்லச் செல்ல, இது அதே கப்பல்தான் என்று ஒரு சாராரும், அதே கப்பல் அல்ல என்று மற்றொரு சாராரும் வாதாடினார்கள். 1655-ல் ஆங்கிலேயரான தாமஸ் ஹாப்ஸ் இந்த வாதத்தில் இன்னொரு முடிச்சுப் போட்டார். எடுத்தெறிந்த பழைய பலகைகளை ஒருவன் பொறுக்கிச் சேர்த்து, அதே வரிசையில் இணைத்து மற்றொரு கப்பல் கட்டினால், இரண்டில் எது தேசேயுஸின் கப்பல்?

இதைச் சைக்கிளுக்கு வைத்துப் பாருங்கள். நீங்கள் கழற்றி எறிந்த சக்கரம், செயின், ஹேண்டில் பார், சீட் எல்லாவற்றையும் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்துப்போய் வேறொரு பிரேமில் பூட்டினால், உங்கள் சைக்கிள் எங்கே இருக்கிறது? உங்கள் வீட்டிலா, அவர் வீட்டிலா?

பதில் சொல்லுமுன் அரிஸ்டாட்டில் காட்டிய ஒரு வேற்றுமையை நினைவுகூர்வது நலம். மரக் கட்டில் ஒன்றை மண்ணில் புதைத்து, அது துளிர்விட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து முளைப்பது மரமாயிருக்குமே தவிர கட்டிலாயிராது. மரத்துக்கு மரமாயிருக்கும் தன்மை உள்ளிருந்து வருகிறது. கட்டிலுக்குக் கட்டிலாயிருக்கும் தன்மை தச்சனிடமிருந்து, வெளியிலிருந்து வருகிறது. சைக்கிளும் அப்படியே. இரும்பும் ரப்பரும் தாமாக ஒருபோதும் சைக்கிளாக விரும்புவதில்லை. மனிதன் ஒருவன் அவற்றை ஒரு காரியத்துக்காக ஒழுங்குபடுத்துகிறான். அந்த ஒழுங்கு நிற்கும்வரை அது சைக்கிள். ஒழுங்கு குலைந்தால் திரும்பவும் இரும்பும் ரப்பரும்தான்.

அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் என்ற வேதசாஸ்திரி இன்னொரு உதாரணம் தருகிறார். மனிதன் நாள்தோறும் உண்கிறான், உடலில் பழையது கழிந்து புதியது சேருகிறது. அப்படியிருந்தும் அவன் அதே மனிதன்தானா என்ற விசாரணையில், எரியும் நெருப்பை அவர் எடுத்துக்காட்டுகிறார். விறகு எரிந்துபோகப் போக, கொஞ்சம் கொஞ்சமாய் வேறு விறகைப் போட்டுக்கொண்டு வந்தால், அதே நெருப்புத்தான் எரிகிறது. விறகு முழுவதையும் ஒரேயடியாய் எடுத்துவிட்டு வேறு விறகில் தீ மூட்டினால் அது வேறு நெருப்பு. அவர் மனித உடலைப் பற்றிச் சொன்னார், யந்திரத்தைப் பற்றி அல்ல. ஆயினும் அந்த உதாரணம் நமக்கும் உதவுகிறது. படிப்படியாக, இருக்கிற ஒழுங்கை விடாமல், ஒன்று போக ஒன்று வைத்துக்கொண்டு வந்தால், அது அதே வண்டி. ஒருங்கே எல்லாவற்றையும் எறிந்துவிட்டுப் பழைய பெயரை மட்டும் ஒட்டிக்கொண்டால், அது அதே வண்டி அல்ல.

பக்கத்து வீட்டுக்காரரின் வண்டிக்கும் பதில் கிடைத்துவிட்டது. அவர் கையில் இருப்பவை உங்கள் வண்டியின் பாகங்கள். உங்கள் வண்டி அல்ல. ஒழுங்கு அறுபடாமல் தொடர்ந்து நின்றது உங்கள் வீட்டில்தான்.

"அப்படியானால் பாகங்களுக்கு மதிப்பே இல்லையா? எதை வேண்டுமானாலும் பூட்டலாமா?" என்று கேட்பீர்கள். கூடாது. ஒழுங்கு என்பது வெறும் சொல் அல்ல. அதற்கு அளவு உண்டு. பழைய வண்டியைச் செப்பனிடுகிறவன் முதல் நாளிலேயே அதைக் கற்றுக்கொள்கிறான்.

நல்லது நல்லதோடு சேராத சங்கடம்

சீட் பில்லரை எடுத்துக்கொள்ளுங்கள். பிரேமின் குழாய்க்குள் இறங்கும் அந்தத் தண்டு 27.2 மில்லிமீட்டர் என்று ஒரு வண்டியில் இருக்கும், 26.8 என்று மற்றொன்றில் இருக்கும்; 26.4 என்று வேறொன்றில் இருக்கும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. சற்றுக் குறைந்ததைப் போட்டு இறுக்கினால், ஏறி உட்கார்ந்தவுடன் கீழே இறங்கும். பிரேமின் குழாயும் நசுங்கும். சற்று அதிகமானதை அடித்து இறக்கினால் குழாய் வெடிக்கும். இரண்டு பாகமும் தனித்தனியே குற்றமற்றவை. ஆனால் ஒன்றுக்கொன்று ஏற்றவை அல்ல.

மரையைப் பாருங்கள். இடது பெடலின் மரை எதிர்ப்புறம் சுற்றும். பெரும்பாலான மலைச் சைக்கிள்களில் வலது பக்கத்துப் பி.பி. கப்பின் மரையும் அப்படியே. அறியாதவன் வழக்கமான பக்கம் பலங்கொண்டமட்டும் திருப்புவான். கழற்றுவதாக எண்ணிக்கொண்டு இறுக்கிக்கொண்டேயிருப்பான். கடைசியில் மரை அழியும். பலம் குறைந்ததால் வந்த நஷ்டம் அல்ல அது. எந்தப் பக்கம் திருப்பவேண்டும் என்று கேட்காததால் வந்தது.

பிரேக்கில் இதைவிட ஆபத்து. 1996 அளவில் 'வி பிரேக்' என்று புதுவகை பிரேக் மலைச் சைக்கிள்களில் வந்தது. நல்ல பிரேக். ஆனால் அதற்குமுன் இருந்த பிரேக்கைவிட அதற்குக் கம்பி அதிகமாய் இழுபடவேண்டும். பழைய கைப்பிடியை வைத்துக்கொண்டு புது பிரேக்கைப் பூட்டினால், கைப்பிடி ஹேண்டில் பாரைத் தொட்டு நின்றுவிடும். சக்கரமோ சரியாய்ப் பிடிபடாது. கடையில் நின்றபடி அழுத்திப் பார்த்தால் ஒருவேளை தெரியாது. மலை இறக்கத்தில் தெரியும்.

செயின் விஷயமோ ஒரு பாடமே. சைக்கிள் செயினில் ஒரு முள்ளுக்கும் அடுத்த முள்ளுக்கும் அரை அங்குலம். ஆகவே 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்கவேண்டும். ஓட ஓட முட்கள் தேய்ந்து செயின் நீளும். 12 அங்குலத்துக்குமேல் அரைக்கால் அங்குலம், அதாவது எட்டில் ஒரு பங்கு நீண்டுவிட்டால், செயினோடு பல் சக்கரங்களும் தேய்ந்துவிட்டன என்று அர்த்தம். அப்பொழுது சிக்கனமென்று எண்ணிச் செயினை மட்டும் புதிதாய்ப் போட்டால் என்ன ஆகும்? பழைய செயினும் பழைய பல்லும் ஒன்றாய்த் தேய்ந்து, ஒன்றின் குறைக்கு மற்றது இடங்கொடுத்து ஓடிக்கொண்டிருந்தன. புதுச் செயின் அந்தப் பல்லில் உட்காராமல், அழுத்தி மிதிக்கிற நேரத்தில் குதிக்கும். மாற்றினால் இரண்டையும் மாற்றவேண்டும். இல்லாவிட்டால் இரண்டையும் அவற்றின் ஆயுள் முடியும்வரை ஓடவிடவேண்டும். வீட்டில் ஒருவரை மட்டும் திருத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணுகிறவர்கள் இதைச் சற்று யோசித்துப் பார்க்கலாம்.

கடைசியாக அச்சைப் பாருங்கள். பின் ஹப்பில் வழக்கமாக ஒரு பக்கத்துக்கு ஒன்பது குண்டுகள், கால் அங்குல அளவில். முன் ஹப்பில் பக்கத்துக்குப் பத்து, சற்றுச் சிறியவை. கோனை அதிகம் இறுக்கினால் குண்டு அரைபடும். தளர்த்தினால் சக்கரம் ஆடும். இரண்டுக்கும் நடுவே நூலிழை போன்ற ஓர் இடம் உண்டு. கை அதை உணரும்வரை திருப்பித் திருப்பிப் பார்க்கவேண்டும். சக்கரத்துக்குக் கோட்டம் எடுப்பதும் அப்படியே. ஒரு ஸ்போக் கம்பியைக் கால் சுற்று இறுக்கினால், அதற்கு எதிர்ப்புறக் கம்பியைச் சற்றுத் தளர்த்தவேண்டும். இவையெல்லாம் எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைக்கிற பாகங்கள் அல்ல. செய்கிறவனுடைய நேரமும், பொறுமையும், கவனமுமே இப்படிப் பொருத்தமாய் வண்டிக்குள் இறங்குகின்றன. உதிரிப் பாகங்களின் குவியலுக்கும் சைக்கிளுக்கும் உள்ள வேற்றுமை முழுவதும் இதுதான்.

இது யாருடையது?

இப்பொழுது வழக்குக்கு வருவோம். நெறிநூல் ஆசிரியர்கள் செய்வதுபோல் நாமும் ஒரு வழக்கைக் கற்பித்துக்கொள்வோம்.

அண்ணன் ஒருவன் வேலைக்காக வெளியூர் போகிறான். அவனுடைய மலைச் சைக்கிள் வீட்டின் பின்புறம் பத்து வருஷம் கிடந்து துருப்பிடிக்கிறது. தம்பி அதை எடுக்கிறான். பிரேமையும் போர்க்கையும் ஹேண்டில் பாரையும் வைத்துக்கொண்டு, தன் சம்பாத்தியத்தில் சக்கரம், செயின், பல் சக்கரம், பிரேக், சீட் எல்லாம் தேடி வாங்கிப் பூட்டுகிறான். நான்கு மாத மாலைப்பொழுதுகள் அதிலே கழிகின்றன. வண்டி ஓடுகிறது. அண்ணன் திரும்பி வந்து, "என் வண்டியை நன்றாக வைத்திருக்கிறாயே, கொண்டா" என்கிறான். தம்பி, "உங்கள் வண்டி துருவாய்ப் போய்விட்டது, அண்ணா. இது நான் செய்த வண்டி" என்கிறான். யார் சொல்வது நியாயம்?

உரோமை நாட்டுச் சட்ட அறிஞர்கள் இதற்கு ஒப்பான ஒரு வழக்கில் இரண்டு கட்சியாய்ப் பிரிந்திருந்தார்கள். பொருள் யாருடையதோ, செய்த பண்டமும் அவனுடையதே என்றது ஒரு கட்சி. செய்தவன் எவனோ அவனுடையதே என்றது மற்றது. 533-ல் யுஸ்தினியான் சக்கரவர்த்தி வெளியிட்ட சட்டநூல் நடுவழியைக் காட்டிற்று. செய்த பண்டத்தைத் திரும்பப் பழைய பொருளாக்க முடியுமானால் அது பொருளுக்குடையவனுக்குச் சேரும், முடியாவிட்டால் செய்தவனுக்கு. பிறன் வெண்கலத்தில் பாத்திரம் வார்த்தால், அதை உருக்கித் திரும்பவும் வெண்கலமாக்கலாம், ஆகவே வெண்கலக்காரனுக்கே. பிறன் திராட்சைப் பழத்தைப் பிழிந்து இரசமாக்கினால், இரசத்தைப் பழமாக்க முடியாது, ஆகவே பிழிந்தவனுக்கு.

சைக்கிளோ ஸ்பானரும் அரை நாளும் இருந்தால் முழுவதும் கழற்றக்கூடிய பண்டம். ஆகவே இந்தச் சட்டத்தின் கருத்துப்படி பார்த்தால், தம்பி எவ்வளவு உழைத்திருந்தாலும் பிரேம் அண்ணனுடையதாகவே நிற்கிறது. நாம் மேலே கண்டபடி, பிரேமும் அதன் ஒழுங்கும் தொடர்கிறபடியால் அது அதே வண்டிதான். "உழைத்தேன், ஆகவே என்னுடையது" என்ற நியாயம் பிறன் பொருளில் செல்லாது. செல்லுமானால், பூட்டியிருக்கும் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தவனெல்லாம் வீட்டுக்காரனாகிவிடுவான். அதேசமயம், தம்பி வாங்கிய சக்கரமும் பிரேக்கும் மற்றவையும் தம்பியுடையவை. பிரேம் தன்னுடையது என்ற ஒரே காரணத்தால் அண்ணன் அவற்றையும் எடுத்துக்கொண்டால், அவன் பிறன் பொருளை எடுத்தவனே.

நியாயம் இவ்வளவுதான் தரும். இதை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றினால் என்ன ஆகும்? அண்ணன் கையில் ஒரு துருப்பிடித்த பிரேம்; தம்பி கையில் ஒரு சாக்கு நிறைய உதிரி. நான்கு மாதத்து மாலைப்பொழுதுகள் எங்கே? குண்டு ஆடாமல் அரைபடாமல் நின்ற அந்த நூலிழை இடம் எங்கே? கோட்டமின்றிச் சுற்றிய சக்கரம் எங்கே? பாகங்களைப் பங்கிடலாம், பொருத்தத்தைப் பங்கிட முடியாது. அதைச் சாக்கில் கட்டிக்கொண்டு போகிறவன் ஒருவனும் இல்லை. ஆகையால் இரண்டு பேரும் தத்தம் உரிமையைக் கடைசி ஆணிவரை கேட்டால், இருவரும் விரும்பிய அந்த ஒன்று மட்டும் ஒருவருக்கும் கிடைப்பதில்லை.

ஆகவே தீர்ப்பு என்னவெனில், அண்ணன் பிரேமைத் தம்பிக்கு விற்கட்டும், அல்லது கொடுத்துவிடட்டும். இல்லாவிட்டால் தம்பி செலவிட்டதையும் அவன் கூலியையும் கணக்குப் பார்த்துக் கொடுத்து வண்டியை எடுத்துக்கொள்ளட்டும். இரண்டில் எது என்பதைச் சட்டம் சொல்லாது; அவர்களுக்குள் இருக்கும் பாசம்தான் சொல்லவேண்டும். அன்றியும், தம்பி செப்பனிடுகிறான் என்று அண்ணன் அந்த நான்கு மாதமும் அறிந்திருந்தும் வாய் திறவாதிருந்தானானால், அவன் நிலை வேறு. தெரிந்தும் பேசாதிருந்தவன் சம்மதித்தவனாகிறான். வேலை முடிகிறவரை மௌனமாயிருந்து, முடிந்தபின் உரிமை பேசுவது நேர்மையல்ல.

இவ்வளவு சிக்கலும் ஒரு வார்த்தையால் வராமல் போயிருக்கும். முதல் ஆணியைக் கழற்றுமுன், "அண்ணா, உங்கள் வண்டியை நான் எடுத்துச் சரிபண்ணட்டுமா?" என்று தம்பி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

நம் கடமைகள்

இதிலிருந்து, பழையதைச் செப்பனிடுகிற எவரும் மனத்தில் வைக்கவேண்டிய சில கடமைகள் விளங்குகின்றன.

முதலாவது, கேளாமல் தொடாதீர்கள். கைவிடப்பட்டதுபோல் கிடக்கிற பொருளெல்லாம் கைவிடப்பட்ட பொருள் அல்ல. துரு ஏறியதால் உரிமை இறங்குவதில்லை.

இரண்டாவது, உதிரிப் பாகம் எங்கிருந்து வந்தது என்று விசாரியுங்கள். நல்ல பிரேக், நல்ல சக்கரம், பாதி விலைக்கும் குறைவாய்க் கிடைக்கிறது. விற்கிறவன் கண்ணைப் பார்த்துப் பேசமாட்டேன் என்கிறான். அப்பொழுது ஆதாயத்தை மட்டும் பார்த்துக் காதை மூடிக்கொள்ளக்கூடாது. எவனோ ஒரு பையன் தன் வண்டியைப் பூட்டிவைத்த இடத்தில் வெறும் பிரேமைக் கண்டு அழுதுகொண்டு நிற்கலாம். களவாடிய பாகத்தால் செய்த ஒழுங்கு ஒழுங்காகாது. தெரியவந்தால் உடையவனுக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டும்; அதற்காக வண்டி நின்றுபோனாலும் சரியே.

மூன்றாவது, விரிசலை மறைக்காதீர்கள். ஹேண்டில் குழாயும் கீழ்க்குழாயும் சேருமிடம், பி.பி. ஷெல்லைச் சுற்றியுள்ள பற்றுவைப்பு, சீட் குழாயின் மேல்வாய் ஆகிய இடங்களில் பெயிண்ட் சுருக்கம் விழுந்திருந்தாலும், மயிரிழைபோல் துருக்கோடு ஓடினாலும், நின்று பாருங்கள். எஃகுப் பிரேமானால் கைதேர்ந்தவர் பற்றுவைத்துச் சரிப்படுத்தக்கூடும். அலுமினியமோ எஃகைப்போல் அல்ல. சிறிய அதிர்ச்சிகளையும் அது வருஷக்கணக்காய்த் தன்னுள் சேர்த்துவைத்து, ஒருநாள் சொல்லாமல் முறியும். அதன் விரிசல்மேல் பெயிண்ட் பூசி விற்கிறவன் சைக்கிளை விற்கவில்லை. முகம் தெரியாத ஒரு பிள்ளையின் பல்லையும் எலும்பையும் விற்கிறான். "வாங்குகிறவன் பார்த்து வாங்கவேண்டியதுதானே" என்ற சமாதானம் மனச்சாட்சியின்முன் நிற்காது. பார்த்தால் தெரியாதபடிதானே பூசினான்?

நான்காவது, எங்கே நிறுத்துவது என்று அறியுங்கள். மாரின் வாலிபர்கள் பழைய பிரேமை மதித்தார்கள். அது மலையைத் தாங்காது என்று கண்டபோது, அதையே கட்டிக்கொண்டு அழாமல் புதிது செய்தார்கள். பழையதென்ற ஒரே காரணத்துக்காக எதையும் எறிவது நன்றியின்மை. பழையதென்ற ஒரே காரணத்துக்காக உயிருக்கு ஆபத்தானதை வைத்திருப்பது பிடிவாதம். இரண்டுக்கும் நடுவே நிற்பதுதான் விவேகம்.

நம் வீடுகளிலும், பழையது என்று பின்புறத்தில் தள்ளிவைத்த வண்டி ஒன்று இருக்கக்கூடும். தகப்பனாரோ மாமாவோ ஒரு காலத்தில் மாதாமாதம் பணம் சேர்த்து வாங்கியதாயிருக்கலாம். வளர்ந்த பையன் அதை எடுத்துச் சரிபண்ணட்டுமா என்று கேட்டால், "அந்தப் பழைய இரும்பு எதற்கு?" என்று உடனே வாயை அடைக்காதீர்கள். அதேபோல, அவனும் கேளாமல் அதைப் பிரித்துப் போடவேண்டாம். பெரியவர்கள் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்காரட்டும். எந்த மரை எந்தப் பக்கம் திரும்பும் என்று அறிந்தவர்கள் சொல்லிக்கொடுக்கட்டும். அறியாதவர்கள் விளக்காவது பிடிக்கட்டும். துருப்பிடித்து இறுகிய சீட் பில்லர் ஒருநாளில் வராது. எண்ணெய் விட்டு, இரண்டு நாள் பொறுத்து, மறுபடி எண்ணெய் விட்டு, மெல்ல அசைத்துப் பார்க்கவேண்டும். அந்த இரண்டு நாளும் வீட்டில் அதைப் பற்றிப் பேச்சு நடக்கும். அந்தப் பேச்சும் வண்டியின் ஒழுங்கைச் சேர்ந்ததே.

வேலை முடிந்தபின் அதில் பழைய பாகம் எத்தனை, புதிய பாகம் எத்தனை என்று எண்ணிப் பார்த்துப் பயனில்லை. கேட்டு எடுத்தோமா, நேர்மையாய் வாங்கினோமா, ஒளிக்காமல் செய்தோமா, ஏறி ஓட்டுகிறவன் பத்திரமாய் வீடு திரும்புவானா என்று பாருங்கள். இவற்றுக்கெல்லாம் ஆம் என்று பதில் சொல்லக் கூடுமானால், அண்ணன் தம்பி இருவரும் சிரித்துக்கொண்டே சொல்லலாம்: ஆம், இது அதே சைக்கிள்தான், நம் சைக்கிள்தான்.